கம்பஸ் போன பிள்ளையின் படிப்புக்கு வீட்டிலிருந்து என்ன செய்யலாம்?

ஐயா, நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. புதுக்குடியிருப்பில் வயல் செய்யும் குடும்பம். இடம்பெயர்வுகளுக்குள் தாயும் தகப்பனும் ஓ.எல். தாண்டவில்லை. மூத்த மகள் கண்டிப் பக்கம் விஞ்ஞான பீடத்தில் முதல் வருடம். முதல் செமஸ்டரில், அதாவது முதல் அரையாண்டில், இரண்டு பாடம் ரிப்பீட்: சித்தியில்லை, திரும்ப எழுத வேண்டும். அதுவும் பெறுபேறு வந்து இரண்டு மாதம் கழித்து, வேறொரு பிள்ளையின் வாயால்தான் உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. போனைக் குறைக்கச் சொல்லவா, கிழமைக்குக் கிழமை வீட்டுக்குக் கூப்பிடவா, விரிவுரையாளரோடு கதைக்கவா, ரியூஷன் பிடித்துக் கொடுக்கவா என்று நான்கு வழி கேட்டிருக்கிறீர்கள். நான்குக்கும் அடியில் இருக்கிற கேள்வி வேறு: நமக்குத் தெரியாத பாடத்தை, நமக்குத் தெரியாத மொழியில், நம் கண்ணுக்கு எட்டாத இடத்தில் படிக்கிற பிள்ளைக்கு நாம் செய்யக்கூடியது ஏதாவது உண்டா? உண்டு. ஆனால் அது அந்த நான்கில் இல்லை. இரண்டு மாதம் பிந்தித் தெரிய வந்ததே, அங்கேதான் இருக்கிறது.

முதலில் இரண்டு ரிப்பீட் எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்ப்போம். நான்கு வருடச் சிறப்புப் பட்டத்துக்கு 120 கிரெடிட் (பாடத்தின் நிறையைக் காட்டும் அலகு), மூன்று வருடப் பொதுப் பட்டத்துக்கு 90 கிரெடிட் என்பது இலங்கைத் தகைமைச் சட்டகத்தின் அளவு. ஒரு பாடம் பெரும்பாலும் 2 அல்லது 3 கிரெடிட். ரிப்பீட் எழுதினால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் பெரும்பாலும் 'சி'க்கு மேல் தரமாட்டார்கள். அதன் மதிப்பு 2.0. மகள் அந்த இரண்டு பாடத்திலும் 'பி', அதாவது 3.0 எடுத்திருப்பாள் என்று வையுங்கள். இரண்டும் 3 கிரெடிட் பாடங்களானால் இழப்பு 6 புள்ளி. அதை 120ஆல் பிரித்தால் இறுதி ஜி.பி.ஏ.யில், அதாவது எல்லாப் பாடங்களின் சராசரியில், போவது 0.05. முதல் வகுப்புக்கு வழமையாக 3.70, இரண்டாம் வகுப்பு மேல்நிலைக்கு 3.30, கீழ்நிலைக்கு 3.00 வேண்டும். விளிம்பில் நிற்கிற பிள்ளைக்கு 0.05 வலிக்கும். மற்றவர்களுக்கு அது அடுத்த செமஸ்டரில் எடுத்துவிடக்கூடிய அளவுதான். இந்தக் கணக்கு எல்லாப் பீடத்துக்கும் அப்படியே பொருந்தாது. சில இடங்களில் முதல் வருடத்துக்கு நிறை குறைவு. சில இடங்களில் ரிப்பீட் இருந்தால் வகுப்புச் சித்திக்கோ சிறப்புப் பட்டத்துக்கோ தனி நிபந்தனை உண்டு. முதல் நாளே பிள்ளைக்குக் கொடுக்கிற பீடக் கைநூலில் அது எழுதியிருக்கும். லீவுக்கு வரும்போது அந்தக் கைநூலைக் கொண்டுவரச் சொல்லி, 'பரீட்சை விதிகள்' என்ற பகுதியை அவளையே தமிழில் வாசித்துச் சொல்லச் சொல்லுங்கள். ஒரு மணித்தியால வேலை, இருவருக்கும் பயன்.

ரிப்பீட்டின் உண்மையான கேடு ஜி.பி.ஏ. அல்ல, நெரிசல். ரிப்பீட் பரீட்சை பெரும்பாலும் அடுத்த பட்ச் அதே பாடத்தை எழுதும்போதுதான் வரும். அந்த நேரம் பிள்ளை தன் சொந்த செமஸ்டரின் ஐந்தாறு பாடத்துக்கும் தயாராகிக்கொண்டிருப்பாள். இரண்டு ரிப்பீட்டைச் சமாளிக்கலாம். அவற்றை மறைத்து, பயந்து, அடுத்த செமஸ்டரிலும் இரண்டு சேர்ந்தால் நான்காகும். அதற்குப் பிறகு பட்டமே பிந்தலாம். ஆகவே வீடு தடுக்க வேண்டியது முதல் இரண்டை அல்ல. அது முடிந்த கதை. அடுத்த இரண்டைத்தான்.

ஏ.எல்.இல் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளை முதல் செமஸ்டரிலேயே ஏன் விழுகிறாள்? பெற்றோர் முதலில் சந்தேகிப்பது போனை அல்லது கூட்டுக்காரரை. போன் நேரத்தைத் தின்கிறது என்பதில் பொய் இல்லை. ஆனால் வன்னிப் பிள்ளைகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் காரணங்கள் வேறு இரண்டு. ஒன்று, படிக்கும் முறை. ஏ.எல். என்பது இரண்டரை வருடம் மூன்று பாடத்தை அரைத்து, பாஸ்ட் பேப்பர் செய்து, ரியூஷன் வாத்தியார் குறித்துக் கொடுத்ததைப் பாடமாக்கி, ஒரே பரீட்சையில் கொட்டுவது. கம்பஸில் பதினைந்து கிழமைக்குள் ஐந்தாறு பாடம் தொடங்கி முடிந்துவிடும். ரியூஷன் கிடையாது. 'கடைசி ஒரு மாதத்தில் பார்ப்போம்' என்ற பழைய பழக்கத்தோடு போகிற பிள்ளைக்கு அந்தக் கடைசி மாதம் வருவதே தெரியாது.

மற்றது ஆங்கிலம். விஞ்ஞானம், பொறியியல், மருத்துவம், முகாமைத்துவம் எல்லாம் பெரும்பாலும் ஆங்கில மூலம். தமிழில் 'ஒளித்தொகுப்பு' என்றால் பக்கம் பக்கமாக எழுதக்கூடிய பிள்ளை, அதையே ஆங்கிலத்தில் கேட்டால் விடை தெரிந்தும் எழுத முடியாமல் நிற்கும். இது அறிவுக் குறைவல்ல என்று அவளுக்கு யாராவது சொல்ல வேண்டும். நீங்கள் சொன்னால் நல்லது. எங்கள் வன்னியின் நான்கு மாவட்டமும் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்குள் வருகின்றன. அந்த இடஒதுக்கீட்டில் வந்தவள் என்று யாரும் குத்திச் சொல்லியிருந்தால், பிள்ளை வகுப்பில் வாய் திறக்காமல் இருப்பதற்கு அதுவே போதும். ஆங்கில ரீச்சர் இல்லாமல் வருடக்கணக்காக ஓடிய பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள், கொழும்புப் பிள்ளையோடு ஒரே மண்டபத்தில் இருக்கிறாள். பிந்தித் தொடங்கியவள், அவ்வளவுதான்.

இதற்குச் செய்யக்கூடியது மிகத் திட்டமாக உண்டு. தேசிய கல்வி நிறுவகம் ஏ.எல். உயிரியல், இரசாயனவியல் போன்ற பாடங்களுக்கு வெளியிட்ட வள நூல்கள் தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. முதல் வருடப் பாடத்தில் நிறைய ஏ.எல்.இல் படித்ததன் நீட்சிதான். மகள் தனக்குத் தெரிந்த அத்தியாயத்தைத் தமிழில் திறந்து வைத்து, அதே அத்தியாயத்தின் ஆங்கிலப் பிரதியைப் பக்கத்தில் வைத்து வாசிக்கட்டும். நாளுக்கு இரண்டு பக்கம் போதும். விஷயம் முன்பே தெரியும் என்பதால் சொற்கள் மட்டும் புதிதாக ஏறும். அடுத்தது, நாளைய விரிவுரையின் ஸ்லைட்டை முதல் நாள் இரவே அரை மணித்தியாலம் பார்த்து, தெரியாத பத்துப் பதினைந்து சொல்லைக் குறித்துக்கொண்டு போவது. இதைச் செய்கிற பிள்ளைக்கு விரிவுரை காதில் விழும்; செய்யாத பிள்ளை கொப்பியில் கிறுக்கிக்கொண்டிருக்கும். 'ஸ்போக்கன் இங்கிலிஷ்' வகுப்புக்குக் காசு கொடுப்பதை நான் கடைசியில்தான் வைப்பேன். அது கூச்சத்தைப் போக்கலாம். பரீட்சைத் தாளில் எழுதுகிற ஆங்கிலம் வேறு. கனடாவிலோ லண்டனிலோ இருக்கிற ஒன்றுவிட்ட அண்ணன் அக்காமார் மகளின் பெறுபேற்றைக் கேட்டு உங்களை நச்சரிப்பவர்களாக இருந்தால், கிழமைக்கு இருபது நிமிடம் அவளோடு ஆங்கிலத்திலேயே கதைக்கச் சொல்லுங்கள். செலவில்லாத உதவி, நச்சரிப்பும் குறையும்.

இனி உங்கள் பங்கு. தாய் தகப்பனுக்குப் பாடம் விளங்க வேண்டியதில்லை என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. 2008இல் 'சயன்ஸ்' சஞ்சிகையில் கார்ப்பிக், ரோடிகர் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். மாணவர்கள் 40 சுவாகிலிச் சொற்களைப் பொருளோடு படித்தார்கள். திரும்பத் திரும்பத் தங்களையே சோதித்துப் பார்த்தவர்களுக்கு ஒரு கிழமை கழித்து ஏறத்தாழ 80 வீதம் நினைவிருந்தது. ஒரு தடவை சரியாகச் சொன்னதும் சோதிப்பதை நிறுத்தி, வாசிப்பதை மட்டும் தொடர்ந்தவர்களுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். புத்தகத்தை மூடிவிட்டு மனதிலிருந்து எடுத்துச் சொல்வதுதான் பாடத்தைப் பதிய வைக்கிறது என்பது அதன் பிறகும் பலமுறை உறுதிப்பட்ட விஷயம். தகப்பன் போனில் கேட்டால் புள்ளி ஏறும் என்று அந்தப் பரிசோதனை சொல்லவில்லை. அது என் நீட்டல். ஆனால் "இந்தக் கிழமை படிச்சதிலை ஒண்டை எனக்கு விளங்கிற மாதிரிச் சொல்லு பாப்பம்" என்று நீங்கள் கேட்டால், அவள் புத்தகம் இல்லாமல், தமிழில், எளிமையாக்கிச் சொல்ல வேண்டிவரும். நைதரசன் பற்றிப் படித்தவளிடம் யூரியா ஏன் வெள்ளம் நின்ற வயலில் வீணாகிறது என்று கேளுங்கள். உங்களுக்கும் வேண்டிய விடை, அவளுக்கும் மீட்டல்.

இது நடக்க வேண்டுமானால் கிழமையில் ஒரு நேரம் நிலையாக இருக்க வேண்டும். ஞாயிறு பின்னேரம் அரை மணித்தியாலம் என்று வையுங்கள். மற்ற நாட்களில் இரண்டு நிமிடம் போதும். சாப்பிட்டாயா, சுகமா, அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் "படிக்கிறியா?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். அதற்கு 'ஓம்' என்பதைத் தவிர வேறு பதில் உலகத்தில் இல்லை. "வாற கிழமை என்ன அசைன்மென்ட் குடுக்க வேணும்? எந்தப் பாடம் இன்னும் பிடிபடேல்லை? ஆரிட்டைக் கேட்டனி?" என்று கேட்டால் உண்மை வெளியே வரும். பெரும்பாலான பீடங்களில் மொத்தப் புள்ளியில் கணிசமான பங்கு, பல இடங்களில் 30 அல்லது 40 வீதம், செமஸ்டருக்கு நடுவிலேயே மிட் பரீட்சை, அசைன்மென்ட், பிரக்டிகல் என்று தீர்ந்துவிடுகிறது. மிட்டில் குறைந்த பாடம்தான் பெரும்பாலும் கடைசியில் ரிப்பீட் ஆகும் பாடம். ஆகவே உங்களுக்குத் தெரிய வேண்டிய செய்தி கடைசிப் பெறுபேறு அல்ல. ஆறாம் ஏழாம் கிழமையில் வருகிற மிட் புள்ளி. அப்போது தெரிந்தால் இன்னும் இரண்டு மாதம் கையில் இருக்கும். சீனியர் ஒருவரிடம் குப்பி கேட்கலாம், விரிவுரையாளரிடம் போய்க் கேட்கலாம். ரியூஷன் பற்றிக் கேட்டீர்களே, கம்பஸில் அந்த இடத்தை நிரப்புவது குப்பிதான். முந்திய பட்ச் அண்ணா அக்காமார் இருந்து சொல்லிக்கொடுப்பது, காசில்லாமல்.

ஆனால் பிள்ளை உண்மையைச் சொல்வாளா என்பது, கெட்ட செய்தி சொன்ன முதல் தடவை வீட்டில் என்ன நடந்தது என்பதில் தங்கியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை கம்பஸ் எடுபட்டால் சந்தியில் வாழ்த்துப் பதாகை கட்டுகிறோம், கோயிலில் மாலை போடுகிறோம், பழைய பள்ளிக்கூடம் கூப்பிட்டுக் கௌரவிக்கிறது. சந்தோஷம்தான், குறை சொல்லவில்லை. ஆனால் படத்தோடு பதாகையில் தொங்கிய பிள்ளைக்கு "இரண்டு பாடம் போட்டுது அப்பா" என்று சொல்லும் விலை எவ்வளவு ஏறிவிடுகிறது என்று பாருங்கள். அந்த விலையை வீடுதான் இறக்க வேண்டும். "உனக்காகத்தான் நாங்கள் வெயிலுக்குள்ளை நிக்கிறம்" என்ற வசனம் உண்மை. ஆனாலும் ரிப்பீட் செய்தி வந்த நாளில் அதைச் சொல்லக்கூடாது. சொன்னால் அடுத்த செய்தி வராது. "சரி. இப்ப அடுத்ததா என்ன செய்யலாம்?" என்பதோடு நிறுத்துங்கள். கோபம் இருந்தால் அடுத்த நாள் கதையுங்கள். மகள் இரண்டு மாதம் மறைத்தாள் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது பொய்யாகத் தெரியவில்லை, பயமாகத்தான் தெரிகிறது. "ஏன் மறைச்சனி?" என்று விசாரிப்பதைவிட, "தெரியும் மகள், பரவாயில்லை" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுவது நல்லது.

போன் எடுக்கவில்லையென்றால் இருபது தரம் அடிக்கும் தாய்மாரை வன்னிக்கு வெளியே உள்ளவர்கள் சிரிப்பார்கள். 2009இல் யுத்தத்தின் முடிவைக் கண்டவர்களுக்கு, பிள்ளை எங்கே என்று தெரியாத ஒரு மணித்தியாலம் எப்படிப்பட்டது என்று அந்தச் சிரிப்பவர்களுக்குத் தெரியாது. அந்தப் பயத்தை நிறுத்தச் சொல்ல நான் யார்? ஆனால் அதற்கு ஒரு ஒழுங்கு செய்யலாம். அறைத் தோழிகள் இருவரின் இலக்கமும், விடுதியானால் உப விடுதிக் காப்பாளரின் இலக்கமும், போடிங்கானால் வீட்டுக்காரரின் இலக்கமும் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். காலை எட்டிலிருந்து மாலை நான்குவரை போன் எடுக்காவிட்டால் விரிவுரை அல்லது பிரக்டிகல் என்று எடுத்துக்கொள்வது, இரவு எட்டுக்கு முன் ஒரு 'மெசேஜ்' கட்டாயம் வருவது. அது வராவிட்டால் மட்டும் அந்தத் தாளைப் பார்ப்பது.

அடுத்தது நேரம். கம்பஸில் இரண்டு விரிவுரைதான் என்றால் மிச்ச நேரம் சும்மா என்று வீட்டில் நினைக்கிறோம். தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலப் படிப்பு. ஒரு கிரெடிட்டுக்கு விரிவுரை 15 மணித்தியாலம் என்றால் மிச்சம் 35 மணித்தியாலம் பிள்ளை தானாக இருந்து செய்ய வேண்டியது. செமஸ்டருக்கு 15 கிரெடிட் என்றால் 750 மணித்தியாலம். படிப்புவிடுமுறை, பரீட்சைக் கிழமைகள் எல்லாம் சேர்த்து 19 கிழமை என்று பிரித்தால் கிழமைக்கு ஏறத்தாழ 40 மணித்தியாலம். அரசாங்க உத்தியோகத்தின் நேரம் அது. கந்தோரில் இருப்பவரை அரிவிவெட்டுக்கு வா என்று நடுக்கிழமையில் கூப்பிட மாட்டோம்.

ஆகவே கிழமைக்குக் கிழமை வீட்டுக்கு வரச் சொல்வது வேண்டாம். புதுக்குடியிருப்பிலிருந்து மாங்குளமோ பரந்தனோ வந்து, ஏ-9 வீதியால் வவுனியா, தம்புள்ளை, மாத்தளை தாண்டிக் கண்டிக்குப் போக ஒரு வழிக்கே நாளின் பெரும்பகுதி போய்விடும். திரும்பிய அடுத்த நாள் களைப்பில் போகும். அப்படிப் பார்த்தால் ஒரு வருகைக்கு அந்தக் கிழமையின் சொந்தப் படிப்பில் பெரும்பகுதி செலவு. செமஸ்டருக்கு இரண்டு தரம் நல்ல அளவு: நான்காம் ஐந்தாம் கிழமையில் ஒரு முறை, மிட் முடிந்த பிறகு ஒரு முறை. வற்றாப்பளைப் பொங்கலோ மடுத் திருவிழாவோ அந்தக் கிழமைகளில் விழுந்தால் வரட்டும். விழாவிட்டால் அம்மன் கோபிக்க மாட்டா. சாமத்தியவீடு, கலியாணவீடு என்று வருகிற ஒவ்வொன்றுக்கும் 'அக்கா வராட்டி என்ன நினைப்பினம்' என்ற நெருக்குதலைத் தாயும் தகப்பனும் நின்று தாங்க வேண்டும். பிள்ளை தானாகச் சொல்ல முடியாத 'இல்லை' அது. காலபோக அறுவடை தை மாசியில் வரும். அந்த ஆட்கூலியை மிச்சம் பிடிக்கப் பிள்ளையை மறிப்பது கணக்குக்கும் உதவாது.

பரீட்சைக்கு முந்திய படிப்புவிடுமுறையை வீட்டில் கழிப்பதா என்பதில் ஒரே விதி கிடையாது. வீட்டுச் சோறும் நித்திரையும் சில பிள்ளைகளைத் தூக்கி நிறுத்தும். ஆனால் குப்பி நடப்பது அப்போதுதான், நூலகமும் அங்கேதான். சிக்னல் இல்லாத குடியேற்றக் கிராமத்திலிருந்தால் கூட்டுக்காரர் அனுப்பும் நோட்ஸ்கூட இறங்காது. ரிப்பீட் இருக்கிற பிள்ளை முதல் தடவை அங்கேயே நிற்பது பாதுகாப்பு என்பது என் எண்ணம். பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ, கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்களிலோ வீட்டிலிருந்து போய்வருகிற பிள்ளைகளுக்குப் பிரச்சினை மறுபக்கமானது: வீட்டில் நிற்கிறாளே என்று தண்ணி அள்ள, தம்பிக்குப் பாடம் சொல்ல, கடைக்குப் போக என்று நாள் உதிர்ந்துவிடும். ஒரு மேசை, ஒரு லைட், இரவு ஏழிலிருந்து பத்துவரை யாரும் கூப்பிடாத நேரம். அவ்வளவு போதும்.

வருத்தம் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் நல்ல மனதோடு பெற்றோர் செய்யும் மிகப் பெரிய சேதம் இங்கேதான். பரீட்சை நேரம் பிள்ளைக்குக் கடும் காய்ச்சல் என்றால் பதறி வீட்டுக்குக் கூட்டிவந்து, தெரிந்த பிரைவேட் டொக்டரிடம் காட்டி, சுகமாக்கி அனுப்புகிறோம். பிள்ளை பரீட்சையைத் தவறவிட்டதற்குக் கையில் ஒரு கடதாசி இல்லை. பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்ட மெடிக்கல், அதாவது மருத்துவச் சான்றிதழ், இருந்தால் அடுத்த தடவை எழுதுவது முதல் தடவையாகவே கணக்கிடப்படும், 'ஏ'யும் எடுக்கலாம். மெடிக்கல் இல்லையென்றால் ரிப்பீட், 'சி'யோடு நிற்கும். ஆகவே வருத்தம் வந்தால் முதலில் பல்கலைக்கழகச் சுகாதார நிலையம், இல்லையென்றால் அரசாங்க ஆஸ்பத்திரி. வார்டில் மறித்தால், நோய் விபரம் எழுதிய டயக்னோசிஸ் கார்ட்டை வாங்கி, மூலப் பிரதியைப் பத்திரப்படுத்தி, மூன்று போட்டோகொப்பி எடுத்து வையுங்கள். சமர்ப்பிக்கக் கொடுக்கும் நாட்கள் மிகக் குறைவு, பீடத்துக்குப் பீடம் வேறு. அன்றைக்கே உதவிப் பதிவாளர் கந்தோருக்கு அறிவித்துவிட வேண்டும். இன்னொன்று: காய்ச்சலோடு போய் எழுதிவிட்டு, பரீட்சை பிழைத்த பிறகு மெடிக்கல் கொடுத்தால் பெரும்பாலும் எடுக்கமாட்டார்கள். எழுதுவதா விடுவதா என்பதை மண்டபத்துக்குள் போக முன்னமே தீர்மானிக்க வேண்டும். வருகைக்கும் இப்படித்தான். பல பீடங்களில் 80 வீத வருகை இல்லையென்றால் பரீட்சைக்கே விடமாட்டார்கள். மெடிக்கல் கொடுத்த நாட்களை எப்படிக் கணக்கிடுவார்கள் என்பது கைநூலில் இருக்கும்.

காசு விஷயத்தில் தொகையைவிடத் திகதி முக்கியம். வயலும் கடலும் மாதச் சம்பளம் தருவதில்லை. கம்பஸ் செலவு மாதம் மாதம் வரும். நெல்லு விற்ற காசு கையில் இருக்கும்போதே, மகளுக்கான அடுத்த ஆறு மாதப் பங்கைத் தனி வங்கிக் கணக்கில் போட்டு, ஒவ்வொரு மாதமும் ஒரே திகதியில் அனுப்புங்கள். குறைந்த தொகையென்றாலும் ஐந்தாம் திகதி வரும் என்று தெரிந்தால் பிள்ளை திட்டம் போடும். எப்போது வரும் என்று தெரியாத பிள்ளை காலைச் சாப்பாட்டை விடும், பிறகு போட்டோகொப்பியை விடும், அதற்குப் பிறகு பின்னேரங்களில் ரியூஷன் கொடுக்கப் போகும். கிழமைக்கு எட்டுப் பத்து மணித்தியாலம்வரை ரியூஷன் கொடுப்பதைத் தாங்கலாம். அதற்கு மேல் போனால் படிப்பைத் தின்னும், ரிப்பீட் உள்ளவளுக்கு அதுவும் கூடாது. மகாபொல புலமைப்பரிசில் 2025 வரவு செலவுத் திட்டத்தோடு 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாகவும், பேர்சரி என்ற உதவிப்பணம் 4,000த்திலிருந்து 6,500 ஆகவும் கூட்டப்பட்டன. உதவிதான், ஆனால் முதல் வருடத்தில் அது பிந்தி வருவது வழமை. அதை நம்பி போடிங் காசு பேசாதீர்கள். வருமான விபரத்தை கிராம சேவையாளரிடமும் பிரதேச செயலகத்திலும் உறுதிப்படுத்தி எடுக்கும் அலைச்சல் உங்கள் வேலை. அதற்குப் பிள்ளையை விரிவுரையிலிருந்து இறக்க வேண்டாம். லப்டொப்புக்காக நுண்கடன் எடுக்கவோ தோட்டை அடைவு வைக்கவோ முன், முதல் மாதம் போய் பீடத்தில் என்ன தேவை என்று கேட்கட்டும். விஞ்ஞான பீடத்துக்கு 8 ஜி.பி. ரம், எஸ்.எஸ்.டி. உள்ள பாவித்த லப்டொப் தாராளம்.

விரிவுரையாளருக்கு நீங்கள் போன் எடுக்கலாமா என்று கேட்டீர்கள். புள்ளி பற்றி என்றால் வேண்டாம். அவர் சொல்லமாட்டார், பிள்ளைக்கும் தலைகுனிவு. ஒவ்வொரு பீடத்திலும் மாணவர் ஆலோசகர் என்று விரிவுரையாளர்களுக்குள்ளேயே சிலரை நியமித்திருப்பார்கள். மகள் தானே போய்ச் சந்திப்பதுதான் முறை. நீங்கள் நேரடியாகத் தலையிட வேண்டிய இடம் இரண்டு. ஒன்று பகிடிவதை. இரவில் நித்திரையில்லை, இன்ன நிற உடுப்புத்தான் வேண்டும் என்கிறாள், எங்கே நிற்கிறாள் என்று சொல்லத் தயங்குகிறாள், காரணமில்லாமல் காசு கேட்கிறாள் என்றால் சந்தேகப்படுங்கள். "எல்லாரும் பட்டதுதானே" என்று சொல்லிவிடாதீர்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். பீடாதிபதியிடமும், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் நேரடியாகவும் முறையிடலாம். மற்றது மனம் உடைதல். சோம்பலுக்கும் இதற்கும் வித்தியாசம் காண்பது வீட்டுக்காரருக்குச் சிரமம். ஒரு சுமாரான அளவு: இரண்டு கிழமைக்கு மேல் நித்திரையும் சாப்பாடும் குழம்பி, முன்பு விரும்பிச் செய்தவற்றிலும் மனம் போகாமல், அறையை விட்டு வெளியே வராமல் இருந்தால் அது சோம்பலல்ல. தேசிய மனநலச் சேவையின் 1926 இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம். சாவைப் பற்றிப் பேச்சு வந்தால் அன்றைக்கே பஸ் ஏறுங்கள், பரீட்சை காத்திருக்கும்.

கடைசியாக, இந்தக் கிழமையே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ரிப்பீட் பரீட்சைக்குப் பெயர் தானாகப் போகாது. பாடத்துக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி, விண்ணப்பப் படிவம் நிரப்பி, குறித்த திகதிக்கு முன் கொடுக்க வேண்டும். அறிவித்தல் பீடத்தின் பலகையிலோ இணையத்தளத்திலோ வரும், வீட்டுக்குக் கடிதம் வராது. வெட்கத்தில் கூட்டுக்காரரிடம் கேட்காமல் இருந்து அந்தத் திகதியைத் தவறவிடும் பிள்ளைகள் ஒவ்வொரு பட்சிலும் இருக்கிறார்கள்; தவறினால் இன்னொரு வருடம். வருகிற ஞாயிறு எடுக்கும்போது, "ரிப்பீட்டுக்கு எப்ப அப்ளை பண்ண வேணும், எவ்வளவு கட்ட வேணும்?" என்று கேட்டு, அந்தக் காசைத் தனியாக அனுப்பிவிடுங்கள்.